மேல்வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி

என் வீட்டுக்காரரை வேலையிடத்தில் எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணி ஏறி உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கேபினுக்குள் போனால் வேலை முடிந்துதான் இறங்குவார். நான் கீழே நிற்பவள். கொக்கியில் சுமையை மாட்டிவிட்டு, வாக்கி டாக்கியில் தூக்குங்க, இடது பக்கம், இறக்குங்க என்று அவருக்குச் சொல்வது என் வேலை. அதனால் நான் கீழ்வீடு. குடித்தனம் ஒன்றுதான், மாடி மட்டும் வேறே என்று கான்கிரீட் போடுகிறவர்கள் கேலி செய்வார்கள். புருஷனை ஆட்டிவைக்கிறாள் என்று மற்ற பெண்களைப் பழிப்பார்கள், எனக்கு அதற்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மற்ற எல்லாச் சொல்லையும் நான் மட்டும்தான் சொல்லலாம். 'நிறுத்து' என்கிற சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தரை பெருக்குகிறவர் சொன்னாலும் கிரேன் நின்றாக வேண்டும். ஏன் எதற்கு என்பதெல்லாம் நின்ற பிறகுதான். இந்த மனிதர் வீட்டில் நான் சொன்ன எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் 'நிறுத்து' என்றால் யோசிப்பதற்கு முன்னால் அவர் கை நின்றுவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு, அது விதி இல்லை, வீம்பு. மேலே கழிப்பறை கிடையாது. இறங்கி ஏறினால் அதுவரை கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் இவர் தண்ணீரே குடிக்க மாட்டார். நான் காலையில் நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் சாயங்காலம் மூடி திறக்காமல் என் கைக்கே திரும்பி வரும். "தண்ணி குடிக்கிறவன் பாதி ஆபரேட்டர்" என்பார். கிரேன்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதைத்தான் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். நான் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டேன்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கம்பிக் கட்டை மேல் தளத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். "மெதுவா இறக்குங்க" என்றேன். எப்போதும் "சரிகீழ்வீடு" என்று ஒரே மூச்சில், ஒரே வார்த்தையாகத்தான் பதில் வரும். அன்று "சரி" என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து, "கீழ்வீடு" என்று வந்தது. நடுவில் மூச்சு இரைக்கிற சத்தம்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சுல என்னமோ... குத்துது. மூச்சை இழுத்தா குத்துது."

கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே யாரும் இல்லை என்று பார்த்தேன். அந்த வலியிலும் அவர் அதைப் பூ வைப்பதுபோல வைத்தார். பிறகு இறங்க ஆரம்பித்தார். ஏணியின் ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று வந்தார். நான் அண்ணாந்து அவருடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தரைக்கு வந்ததும் முதல் வேலையாக என் மணிக்கட்டைப் பிடித்தார். "கேபின்ல வலிச்சதுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாத. வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டுக் கிளம்பலாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வாசலில் வண்டிகளுக்குத் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கும் ஒருவர் இருக்கிறார். இவருக்கு முன்னால் இதே கிரேனை ஓட்டியவர். ஒரு முறை கேபினில் மயங்கிவிட்டார், அவ்வளவுதான், ஆபரேட்டர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். டன் டன்னாகத் தூக்கிய மனிதர் இப்போது ஒரு கம்பியைத் தூக்குகிறார். என் வீட்டுக்காரர் தினமும் அவருக்கு வணக்கம் வைப்பார், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டார். அன்று எங்கள் வாடகை வண்டி வெளியே போகவும் அவர்தான் கம்பியைத் தூக்கினார். உள்ளே உட்கார்ந்திருந்தவரைக் குனிந்து பார்த்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவில் படுக்க வைத்துச் சட்டையைக் கழற்றி, நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி, ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கையில் ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். பார்க்க வந்த டாக்டரம்மா குள்ளமாக, வேகமாக நடக்கிறவர். கண்ணாடி மூக்கில் இருப்பதைவிடத் தலைமுடியில் இருக்கிற நேரம்தான் அதிகம்.

"ஈ.சி.ஜி. நார்மலா இருக்கு" என்றார்.

இவர் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். "கேட்டியா? நார்மல்."

"இருங்க, முழுசா கேளுங்க" என்றார் டாக்டரம்மா. "அந்தப் படம் எடுத்த நிமிஷத்துல இதயம் எப்படி இருந்துச்சுன்னுதான் அது சொல்லும். இதயத்துச் சதைக்கு அடிபட்டிருந்தா ரத்தத்துல தெரியும், ஆனா உடனே தெரியாது, சில மணி நேரம் ஆகும். அதனால திரும்ப ஒரு தடவை ரத்தம் எடுப்போம். அதுவும் நார்மல்னா ஹார்ட் அட்டாக் இல்லைன்னு ஓரளவு தைரியமா சொல்லலாம். ஆனா நெஞ்சுக்குள்ள இதயம் மட்டுமா இருக்கு? நுரையீரல் இருக்கு, பெரிய ரத்தக்குழாய் இருக்கு, சாப்பாட்டுக் குழாய் இருக்கு. பயத்துலகூட வலிக்கும். எதுன்னு கண்டுபிடிக்க நீங்கதான் எனக்கு உதவணும். வலி எப்ப வந்துச்சு?"

"சாப்பிட்டு எழுந்தேன், வந்துச்சு."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கட்டட வேலை. மேற்பார்வை. நாள் பூரா நடந்துகிட்டே இருப்பேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நாள் பூரா காலைத் தொங்கப் போட்டு ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கிற மனிதர் இவர்.

"கொஞ்ச நாளா ரொம்ப நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்து பயணம் ஏதாவது போனீங்களா?"

"இல்ல."

"கெண்டைக்கால்ல வலி, வீக்கம்?"

"அதெல்லாம் இல்ல."

போர்வைக்குள் அவர் கை என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தியது. இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று முந்தின இரவுகூட முனகியவர். நான்தான் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டேன்.

டாக்டரம்மா உடனே நகரவில்லை. திரையில் துடித்துக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தார். "நாடி மட்டும் கொஞ்சம் வேகமா ஓடுது. அதுதான் எனக்கு உறுத்துது."

"ஆஸ்பத்திரின்னாலே எனக்குப் பயம் டாக்டர்" என்று இவர் சிரித்தார்.

"பயமாவும் இருக்கலாம். காலைக் கொஞ்சம் காட்டுங்க..." என்று அவர் போர்வையில் கை வைப்பதற்குள் வாசலில் ஒரு சத்தம். விபத்தில் அடிபட்ட இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா ஓடினார். ஓடும்போதே திரும்பி, "உங்க பதிலை வெச்சுத்தான் அடுத்து என்ன டெஸ்ட்டுன்னு முடிவு பண்ணுவேன். யோசிச்சு வைங்க" என்றார். அவர் அதைச் சொன்னபோது பார்த்தது இவரை அல்ல, என்னை.

அடுத்த கட்டிலில் இருந்தவருக்குத் துணையாக வந்த அம்மா ஒருத்தி, கேட்காமலேயே தீர்ப்புச் சொன்னாள். "வாயுதான்மா. எங்க வீட்டுக்காரருக்கும் இதே மாதிரிதான். வெந்நீர் குடிச்சா சரியாப் போயிடும்."

"உங்க வீட்டுக்காரரும் இங்கதானே படுத்திருக்காரு?" என்றேன். அதோடு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு யாரையாவது கடிக்க வேண்டும்போல இருந்தது.

இன்ஜினீயர் போன் செய்தார். மறுநாள் பெரிய தூண் ஒன்றைத் தூக்க வேண்டும், வயிறு சரியாகிவிடுமா, மேல்வீட்டுக்காரர் ஏறுவாரா என்று கேட்டார். இவர் போனை என் கையிலிருந்து பிடுங்கி, "ஏறுவேன் சார்" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவிலும் ஒரு மூச்சு வாங்கினார். நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

"இங்க பக்கத்துலதானே கழிப்பறை இருக்கு. குடிங்களேன்."

"நாளைக்கு ஏறணும். பழக்கம் விட்டுப் போயிடும்" என்றார்.

"சொல்லிடலாங்க" என்றேன் மெதுவாக.

"சொன்னா அட்டை போயிடும்."

"உயிரு?"

"அதான் நார்மல்னு சொல்லிட்டாங்களே. சும்மா கிலி கிளப்பாத." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேல இருந்து பாத்தா எல்லாம் என் கையில இருக்கிற மாதிரி இருக்கும். கீழ இறக்கிவிட்டா நான் யாரு, சொல்லு? என்னைக் கம்பி தூக்க வெச்சுடாத."

அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் என் வாய் கட்டிப்போயிற்று. இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் வந்தது. நார்மல். எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. நானும் அந்த நார்மலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அத்தனை மெஷினும் பொய் சொல்லுமா, இவர் ஒருத்தர்தானே பொய் சொன்னார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடிபட்டவர்களின் கட்டிலருகே இருந்த டாக்டரம்மாவிடம் நர்ஸ் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம், ஆனால் மயக்கம், மூச்சுத்திணறல், திரும்ப வலி என்று எது வந்தாலும் உடனே வர வேண்டும், நாளைக் காலை கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி ஒயர்களைக் கழற்றினாள். இவர் சட்டையை மாட்டினார். வலது பூட்ஸ் ஏறியது. இடது கால் பூட்ஸுக்குள் போகவில்லை. கயிற்றைக் கடைசி ஓட்டை வரை உருவித் தளர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திணித்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வெளியே போகிற நடைபாதையில் எனக்கு முன்னால் நடந்தார். பாதி தூரம் போனதும் சுவரில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரத்தின் முன் நின்று படிக்க ஆரம்பித்தார். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலின் நன்மைகள். எங்களுக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள், இவருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி? சுவரில் உள்ளங்கையை ஊன்றியிருந்தார். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. உதட்டில் நிறமே இல்லை.

"வா" என்றார் என்னைத் திரும்பிப் பார்க்காமல். கொஞ்சம் பொறுத்து, "கீழ்வீடு" என்றார். காலை எடுத்து வைத்தார்.

அந்த இடைவெளி. மதியம் வாக்கி டாக்கியில் கேட்ட அதே இடைவெளி, இன்னும் நீளமாக.

"நிறுத்து!"

அது பெண்டாட்டி குரல் இல்லை. பத்து மாடி உயரத்துக்குக் கேட்க வேண்டிய என் வேலைக் குரல். டீ வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் நின்றார். ஸ்ட்ரெச்சர் நின்றது. காவலாளி நின்றார். என் வீட்டுக்காரர் தூக்கிய கால் தரையில் படாமல் நின்றார். வருஷக்கணக்காகப் பழகிய உடம்பு, அவரைக் கேட்காமலே எனக்குக் கீழ்ப்படிந்துவிட்டது.

டாக்டரம்மா கையுறையோடு வெளியே எட்டிப் பார்த்தார். "யாரு கத்தினது?"

"நான்தான்" என்றேன்.

"வேணாம்" என்றார் இவர். "சொல்லாத. கெஞ்சிக் கேக்கறேன்."

நான் சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை, கொட்டினேன். "மேற்பார்வை இல்ல டாக்டர், கிரேன் ஓட்டறாரு. காலையில உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பாரு. தண்ணி ஒரு சொட்டு குடிக்க மாட்டாரு. சாப்பிட்டு எழுந்தப்ப வரல, மேல கேபின்ல வந்துச்சு. இடது கால் ஒரு வாரமா வலி, வீங்கியிருக்கு, நான்தான் தேய்ச்சு விட்டேன். பத்தடி நடக்க மூச்சு வாங்குது."

டாக்டரம்மா அந்த நடைபாதைத் தரையிலேயே மண்டியிட்டார். இடது பூட்ஸைக் கழற்றினார், காலுறையை உருவினார், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். வலது காலையும் அதேபோலப் பார்த்தார். இரண்டும் ஒரே மனிதனின் கால் என்று சொல்ல முடியாது. இடது கெண்டைக்கால் பளபளவென்று வீங்கிச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தியதும் இவர் "அம்மா" என்றார்.

"சக்கர நாற்காலி! இனிமே இவர் ஒரு அடிகூட நடக்கக் கூடாது" என்று டாக்டரம்மா கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "கெண்டைக்கால் வலிக்குதான்னு நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்" என்றேன். என்னை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

முகமூடி மாட்டி ஆக்ஸிஜன் வைத்து, தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது இவர் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினார். "காட்டிக் குடுத்துட்டியே" என்றார்.

"ஆமா" என்றேன்.

ஸ்கேன் அறையின் கதவு கனமானது. அதற்கு வெளியே உட்காரப் பெஞ்சு இருந்தது, என்னால் உட்கார முடியவில்லை. இவருடைய இடது பூட்ஸ் என் கையில் இருந்தது. யார் கொடுத்தார்கள், எப்போது வாங்கினேன் என்று தெரியவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கீழே நிற்பவளுக்கு மேலே இருப்பவரின் குரல் கேட்காமல் போவதைவிடப் பெரிய பயம் கிடையாது. எத்தனையோ தடவை பேட்டரி தீர்ந்து வாக்கி டாக்கி ஊமையாகியிருக்கிறது. அப்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிக்குள் அவர் தலையாவது தெரியும்.

டாக்டரம்மா வந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது.

"நினைச்ச மாதிரியேதான். கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகி, அதுல துண்டு உடைஞ்சு போய் நுரையீரல் குழாயை அடைச்சிருக்கு. பெரிய அடைப்பு. இதயத்துக்குப் போற குழாய்ல இல்ல, அதனாலதான் அந்த டெஸ்ட்டுல எல்லாம் பிடிபடல. கட்டி மேல வளராம இருக்க ஊசி போட்டாச்சு. இன்னைக்கு ராத்திரி தாண்டணும்."

"வீட்டுக்குப் போயிருந்தா?"

"கால்ல இன்னும் கட்டி இருக்கு" என்றார். மீதியைச் சொல்லாமல் என் தோளைத் தொட்டார். "நீங்க கத்தினது நல்லதாப் போச்சு. கொஞ்சம் முன்னாடியே கத்தியிருக்கலாம்."

அந்த ராத்திரி தாண்டியது. மறுநாள் அவருடைய நாடி அடங்கியது, உதட்டில் நிறம் வந்தது. முகமூடியைக் கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி டாக்டரம்மாவிடம்தான். "எப்ப ஏறலாம்?"

"ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திரை மாசக்கணக்கா சாப்பிடணும். அது சாப்பிடறப்ப ஏணியில கால் தவறினாகூட ஆபத்து. அதுக்கப்புறமும் நாள் பூரா அப்படி உட்கார்ற வேலை... அப்ப பாக்கலாம். இப்போதைக்கு நல்லாத் தண்ணி குடிங்க. எழுந்து நடக்கச் சொல்றப்ப நடங்க."

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதோடு பேச்சு நின்றது. நர்ஸிடம் பேசினார், மகளிடம் போனில் பேசினார், அடுத்த கட்டில்காரரிடம் அரசியல்கூடப் பேசினார். என்னிடம் இல்லை. நான் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தலைமாட்டில் வைப்பேன். மாத்திரைக்கு நர்ஸ் தருகிற அளவைத் தவிர ஒரு வாய் குடிக்க மாட்டார். சாயங்காலம் பாட்டில் அப்படியே இருக்கும். எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்துத் தொலைந்தாலும் ஆபரேட்டராகத்தான் சாவேன் என்று அந்த மூடிய பாட்டில் என்னிடம் சொல்வதுபோல இருந்தது. ஆனால் அவர் தூங்கும்போது அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது போதும் என்று நினைத்தேன், போதவில்லை.

அட்டையைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி ஆபீஸில் கூப்பிட்டார்கள். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்துவிட்டு அங்கேயே ஒரு நேர வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கேட்டுக்காரர் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உயிரோட இருக்காருல்ல?" என்று மட்டும் கேட்டார். இருக்கார் என்றேன். தலையை ஆட்டினார்.

வார்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகிடம் பேசினேன்.

"அட்டையைக் குடுத்துட்டேன். புதுசா ஒருத்தன் ஏறியிருக்கான். அந்தத் தூணை இன்னைக்குத்தான் தூக்கினோம். நல்ல கை. ஆனா இறக்கறப்ப உங்க அளவு நிதானம் இல்ல."

முதுகு அசையவில்லை. அதிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மேல தண்ணி எடுத்துட்டுப் போறானா?"

"பாட்டில் குடுத்தேன். வேணாம்னு கீழயே வெச்சுட்டுப் போயிட்டான்."

அவர் மெதுவாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாகப் பார்த்தார்.

"குடிக்கச் சொல்லு அவனை. இல்லைன்னா நிறுத்துன்னு சொல்லு. இறங்கி வந்து குடிச்சுட்டு ஏறட்டும். மேல்வீட்டுக்காரன் சொன்னான்னு சொல்லு" என்றார். பிறகு கையை நீட்டினார். "அதை எடு."

தலைமாட்டில் இருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்தார். அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, இடையில் நிறுத்தாமல் குடித்தார். தாடையில் வழிந்து சட்டை நனைந்தது. நான் துடைக்கவில்லை. அவர் இனி மேலே ஏறப்போவதில்லை என்பதை அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கொண்டா, கீழ்வீடு" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாட்டிலை நீட்டினார். அந்தப் பாட்டில் என் கைக்குக் காலியாக வந்தது அதுதான் முதல் தடவை.